நாற்றம் என்றொரு சொல்

1

காலாப்பட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கரி அடுப்புகளை மூட்டிவிடுகிறார்கள். மூன்று பக்கம் விழுப்புரம் மாவட்டமும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த, புதுச்சேரிக்குச் சொந்தமான துண்டு நிலம் இது. 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. அம்பேத்கர் பெயரிலான அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மத்திய சிறையும் இருக்கிறது. கடலைப் பார்த்தாற்போல் மீனவர் குப்பங்கள். படிக்கிற பிள்ளைகளும், சனி ஞாயிறுக்குச் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களும்தான் இந்தக் கடைகளுக்கு வாடிக்கை. கிரில், தந்தூரி, அல்ஃபாம், பார்பிக்யூ என்று பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், வேலை ஒன்றுதான். கறியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுடுவது. தின்று முடித்தவர்கள் கைபேசியை எடுத்து நட்சத்திரம் போடுகிறார்கள். புகை வாசனை அபாரம் என்கிறார்கள். ஓரம் கருகினதில்தான் ருசியே இருக்கிறது என்கிறார்கள்.

போன வருஷம் அப்படி ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயுசு முழுக்க நடவுக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குப் போன உடம்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. தட்டு வந்ததும் ஒரு துண்டை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தது. அப்புறம் வாயில் போட்டது. மென்றுகொண்டே கேட்டது: "இன்னாடா இது, நாம அடுப்புல சுடுற மாதிரியேதான இருக்குது. நாம சுட்டா நாறுதுன்னாங்க. இங்க மட்டும் எப்படிடா மணக்குது?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பது பாதி உண்மை. மீதி உண்மை, அந்த 'நாறுதுன்னாங்க' என்பதில் நானும் அடக்கம்.

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது டவுன் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நானும் நண்பர் ஒருவரும் அறை எடுத்திருந்தோம். அம்மா ஊரிலிருந்து வரும்போது பழைய புடவைத் துணியில் உப்புக்கண்டம் முடிந்து எடுத்துவரும். மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் ராத்திரி இரண்டு கண்டத்தை ஸ்டவ் நெருப்பில் வாட்டினோம். கீழிருந்து வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். அவர் சைவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கும். அந்த வாசனை எங்கள் அறை வரைக்கும் வரும். "பொணம் எரியற மாதிரி நாத்தம் வருது, இன்னா பண்றீங்க?" என்றார். அடுத்த மாதம் அறையைக் காலி செய்தோம்.

அம்மாவிடம் நான் காரணத்தைச் சொல்லவில்லை. "அடுத்த வாட்டி இதெல்லாம் எடுத்தாராதம்மா, நாத்தம் வருது" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரர் சொல்லை வாங்கி அப்படியே அம்மா மேல் வீசினேன். அதற்கப்புறம் அம்மா எடுத்துவரவே இல்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடைமேசையில் நான் சொல்லாமல் விட்ட பதில்.

2

சுவை என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒருத்தருக்குப் பிடிக்கும், ஒருத்தருக்குப் பிடிக்காது, இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நாக்கு குற்றமற்றது என்ற இந்த நம்பிக்கையைத்தான் நாம் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், 'நாற்றம்' பழந்தமிழில் வசைச்சொல் இல்லை. வாசனைக்கு அதுதான் பொதுப்பெயர். புறநானூற்றின் 14ஆம் பாட்டில் சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்து, உன் கை ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்கிறான். பூமணக்கும் புகையில் வாட்டிய கறியையும் துவையலையும் குழம்புச் சோற்றையும் தின்னுகிற வேலை தவிர வேறு வேலை அறியாத கை, அதனால் மெத்தென்று இருக்கிறது என்று கபிலர் பதில் சொல்கிறார். அந்தப் பாட்டில் பச்சைக்கறியின் வாசத்துக்கும் பூவின் வாசத்துக்கும் ஒரே சொல்தான்: நாற்றம். சொன்னவர் அந்தணர் என்று கொண்டாடப்பட்ட புலவர்.

இன்னும் பக்கத்தில் வருவோம். சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டைப் பாடுகிறது. இந்தச் சாலையில் வடக்கே போனால் வருகிற மரக்காணம், திண்டிவனம் பகுதிதான் அந்த நாடு. மரக்காணம் பக்கம் என்று ஆய்வாளர்கள் சொல்லும் எயிற்பட்டினத்தில் பசியோடு வரும் பாணருக்குப் பரதவர் கள்ளும் சுட்ட குழல்மீனும் தருகிறார்கள். அதைத் தாண்டி வேலூருக்குப் போனால் எயினர் வீட்டுப் பெண்கள் புளிச்சோற்றோடு ஆமான் கறியைச் சுட்டுத் தருகிறார்கள். ஆமான் என்பது காட்டுப் பசு. சுட்ட கறிக்குத் தமிழில் தனிப்பெயரே இருந்தது: சூடு. பார்பிக்யூ என்று பலகை எழுதுகிற கடைக்காரருக்குத் தெரியாது, அவர் கடை இருக்கிற சாலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துச் சூட்டுக்கறி வரலாறு உண்டு என்று.

வகுப்பில் இந்தப் பாடல்களை நடத்தும்போது பண்டைத் தமிழர் விருந்தோம்பல் என்று குறிப்பு எழுதச் சொல்வார்கள். எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அதே தெருவாசிதான் உப்புக்கண்டம் நாறுகிறது என்று அம்மாவிடம் சொன்னவன். பாட்டில் இருக்கிற கறி பண்பாடு. அம்மாவின் துணிமூட்டையில் இருக்கிற கறி நாற்றம். இந்தப் பிளவை என் மூளைக்குள் போட்டது யார்?

3

சுடுகிற வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். எரிகிற தீயில் யாரும் கறி சுடுவதில்லை. தீ அடங்கிக் கரி மேல் சாம்பல் பூக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். கொழுப்பு உருகித் தணலில் சொட்டும். அதிலிருந்து கிளம்புகிற புகை திரும்பக் கறியில் போய் ஒட்டும். அந்த வாசனைக்குத்தான் இன்றைக்கு விலை. நெஞ்சுக்கறி, முன்னங்கால் போன்ற உழைத்த பாகங்கள் கெட்டியானவை, சவ்வு அதிகம். மெதுவான சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் சவ்வு இளகும். நல்ல பாகத்தை வாங்க வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த கலை இது. உலகம் பூராவும் அப்படித்தான்.

எங்கள் சேரியில் கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து வெய்யிலில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வயலில் வேலை இருக்காது, கூலி இருக்காது. அப்போதுதான் கண்டம் அடுப்புக்கு வரும். தணலில் வாட்டி, அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி, நார்நாராகப் பிய்த்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வோம். அம்மா விரலால் தொட்டே பதம் சொல்லும். காலாப்பட்டுக் கடையில் கம்பியைத் திருப்புகிற பையனுக்கும் அம்மாவுக்கும் தொழில்நுட்பத்தில் வித்தியாசமே இல்லை.

ஆக, வாசனை ஒன்று. முறை ஒன்று. தீர்ப்புதான் இரண்டு. அப்படியென்றால் தீர்ப்புச் சொன்னது நாக்கு இல்லை. நாக்குக்கு முன்னாடியே, இது யார் வீட்டு அடுப்பு என்று கேட்டு முடிவு செய்கிற ஒன்று நமக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாதி என்று பெயர். தீட்டு என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அது மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது.

புதுச்சேரிக்கு இது புதுசு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரி மிஷனுக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் டுபுவா, இங்கிருந்த ஐரோப்பியர்கள் பறையர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி ஆனதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்: மாட்டுக்கறி சமைப்பது போன்ற வேலைகளை மற்ற சாதியார் செய்யமாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமாரின் மேசைக்குக் கறி வாட்டியது நம் முப்பாட்டன்மாரின் கை. இன்றைக்கும் கடலோரத்துப் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் ஸ்டேக் என்று எழுதிவைத்து மாட்டுக்கறி விற்கிறார்கள். தின்கிறவர் வெளிநாட்டு வாசனையை அனுபவிக்கிறார். அதே கறியைச் சேரி முனையில் தள்ளுவண்டியில் வறுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். வாங்க வருகிறவரும் "பெரிய கறி ஒரு பிளேட்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். பெயரைச் சொல்லவே கூசுகிறது.

4

சட்டக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவரிடம் அம்மா கேட்டதைச் சொன்னபோது, "அண்ணா, இது பார்பிக்யூ கடையிலேயே கேஸாகி அமெரிக்க உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு" என்றார். கட்சென்பாக் எதிர் மெக்லங் என்று அவர்கள் படிக்கிற வழக்கு.

அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரத்தில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு கடை. 1927இல் தொடங்கியது. சுட்ட கறிக்கும் வீட்டுப் பக்குவப் பணியாரங்களுக்கும் பேர்போனது. 220 பேர் உட்காரலாம். 36 வேலையாட்கள், மூன்றில் இரண்டு பங்கு கருப்பர்கள். ஆனால் கருப்பர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வேண்டுமானால் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகலாம். வேலை செய்ய உள்ளே வரலாம். சாப்பிட என்றால் வெளியே நிற்க வேண்டும். நம் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் வைத்துத் திண்ணைக்கு வெளியே நிற்கவைத்த கதையை அமெரிக்காவில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. பார்பிக்யூ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பண்ணைக்காரர்களின் விருந்துகளுக்குக் குழி வெட்டி ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கறி சுட்டவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கருப்பர்கள். கலை அவர்களுடையது, கடையும் பேரும் வெள்ளையர்களுடையது, நாற்காலியும் வெள்ளையர்களுக்கு மட்டும்.

1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஆலீஸ் கடைக்காரர் வழக்குப் போட்டார். அந்த வருஷம் டிசம்பர் 14ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கடைக்காரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். காரணத்தைக் கவனிக்க வேண்டும். கடை முந்தின பன்னிரண்டு மாதத்தில் வாங்கிய சுமார் ஒன்றரை லட்சம் டாலர் சரக்கில் 46 சதவீதம், அலபாமாவுக்கு வெளியிலிருந்து வந்த கறி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சட்டம் இந்தக் கடைக்கும் செல்லும். கறி எல்லை தாண்டி வந்ததால் கருப்பர் வாசல் தாண்டலாம் என்று ஆயிற்று. மனிதர் என்பதற்காகக் கிடைக்க வேண்டியது, கறியின் பயணச் சீட்டில் கிடைத்தது.

தெற்குக் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற இன்னொரு பார்பிக்யூ நிறுவனத்துக்காரர், கருப்பருக்கும் சேர்த்துப் பரிமாறச் சொல்வது தன் மத நம்பிக்கையில் தலையிடுவதாகும் என்று வாதாடினார். 1968இல் அதே நீதிமன்றம் அது வாதமே இல்லை என்று தள்ளியது. நம்பிக்கை புண்படுகிறது என்ற வசனத்தை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் அரசியல் சட்டம் இந்த இடத்தில் அவர்களைவிட நேராகப் பேசுகிறது. 15ஆம் பிரிவு கடை, உணவு விடுதி என்று பெயர் சொல்லியே, சாதி காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்கிறது. இரண்டும் 1950 முதல் இருக்கின்றன. அந்தக் கடையில் அம்மாவை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்கச் சட்டம் இருக்கிறது. அது அண்ணல் வாங்கிக் கொடுத்த நாற்காலி. சந்தேகமே இல்லை.

ஆனால் விலைப்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது, வஞ்சிரமும் இறாலும் இருக்கின்றன. அம்மா தின்று வளர்ந்த கறி இல்லை. கேட்டேன். "குடும்பத்தோட வர்ற கடை சார்" என்றார்கள். நாங்களும் குடும்பத்தோடுதான் வந்திருந்தோம்.

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணியைத் தெருத்தெருவாக விற்கிற ஊர் ஆம்பூர். திருவிழாவில் அதற்கு மட்டும் இடம் இல்லை என்றார்கள். இது பாகுபாடு என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆள் உள்ளே வரலாம், அவன் சோறு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் இன்றைய வடிவம். ஆலீஸ் கடையில் கருப்பரை நிறுத்திய இடத்தில் இன்றைக்கு நம் சட்டியை நிறுத்துகிறார்கள். அடையாளத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வருகிறவனுக்குத்தான் நாற்காலி என்றால், அது முழு நாற்காலி ஆகுமா?

5

இங்கே மூன்று மறுப்புகள் வரும். மூன்றுக்கும் முகம் கொடுக்க வேண்டும்.

முதலாவது, கொல்லாமை. கறி தின்பதே தவறு, இதில் எந்தக் கறி என்ன என்று கேட்பவர்கள். இது நேர்மையான கேள்வி என்றே நினைக்கிறேன். திருக்குறள் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்துப் பேசுகிறது. உயிரின் வலியைச் சொல்லிப் பேசுகிறது. அந்த வலியை உண்மையாக உணர்கிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த அறம் ஆட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டைத் தின்றுகொண்டே மாட்டுக்காக அழுகிறவர் உயிரைப் பற்றிப் பேசவில்லை, ஏணிப்படியைப் பற்றிப் பேசுகிறார். மாட்டுக்காக மனிதனை அடிக்கிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2015இல் தாத்ரியில் வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்ததாகச் சொல்லி முகமது அக்லாக்கைக் கொன்றார்கள். 2016இல் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள்.

இரண்டாவது, நம்மிடமிருந்தே வருவது. அம்பேத்கரே விடச் சொன்னாரே? உண்மை. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் செத்த மாட்டுக் கறியைத் தின்பதை விட்டொழிக்கச் சொன்னார். 1948இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை வரலாறாக விளக்கினார். அவர் விடச் சொன்னது எதை? ஊர் மாடு செத்தால் இழுத்துப் போடுவது உன் கடமை, அந்தக் கறிதான் உன் கூலி என்று சுமத்தப்பட்ட அடிமை முறையை. அதை மறுத்தது சுயமரியாதை. அதற்கு நேர் எதிர்த்திசையில், 1990களில் இந்தப் புதுச்சேரியிலிருந்து எழுதிய ராஜ் கௌதமன் போன்றவர்கள், இழிவு என்று சொல்லப்பட்டவற்றையே எதிர்ப்பண்பாடாக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண். ஒன்று விடு என்கிறது, ஒன்று தின் என்கிறது. உள்ளே ஒரே குரல்தான்: நான் எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக் கூடாது என்று நீ சொல்லாதே. சுமத்தினால் மறுப்பேன், தடுத்தால் எடுப்பேன்.

மூன்றாவது, வயிற்றுக்கே இல்லாதவன் இருக்க வாசனையைப் பற்றி என்ன விசாரம் என்று கேட்பது. பசி பெரிய பிரச்சினைதான். ஆனால் பசித்தவனுக்கும் மூக்கு இருக்கிறது, மானம் இருக்கிறது. அவனுக்குச் சோறு கிடைத்தால் போதும், ருசி எதற்கு என்பது பண்ணையார் பேச்சு. தன் சோற்றை நல்ல சோறு என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடியாதவன், பாதி நாக்கோடு வாழ்கிறான்.

6

அடுத்தவரை விசாரித்தாயிற்று. நம் வீட்டு அடுப்படிக்கும் போவோம். கறி எடுத்த நாளில் நெஞ்செலும்பு தாத்தாவுக்கு, ஈரல் அப்பாவுக்கு, சதை எனக்கு. ஊதாங்குழலோடு புகையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் அக்காவுக்கும் சட்டியை வழித்த சோறு. சமைக்கலாம், உட்காரக் கூடாது என்ற ஆலீஸ் கடைச் சட்டம் நம் குடிசைக்குள்ளேயும் நடந்திருக்கிறது. கடைமேசையில் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்ததற்கு மேல்சாதிக்காரன் மட்டும் காரணம் இல்லை. ஆம்பிளைகள் எழுந்த பிறகு சாப்பிட்டே பழகின உடம்பு அது. இதை மறைத்துவிட்டுத் தலித் பண்பாடு என்று கொடி பிடித்தால் அது பாதிப் பண்பாடுதான்.

ஆகவே ஒரு கடையின் கறியைப் பற்றி யாராவது நல்லதோ கெட்டதோ எழுத உட்கார்ந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது என் கருத்து. நெருப்பு முன்னால் நிற்பவர் யார், அவர் சாப்பிட்டாரா? நாற்காலியில் முழுசாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் யார், நுனியில் உட்கார்ந்திருப்பவர் யார்? பட்டியலில் எது இல்லை, யாருக்காக இல்லை? இதற்குப் பதில் சொல்லாமல் போடுகிற நட்சத்திரம் கறிக்குப் போட்டது ஆகாது.

பொங்கல் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். கறி எடுத்துவந்து, வாசலில் மூன்று கல் கூட்டி, சவுக்கு விறகை எரித்துத் தணலாக்கி நானும் அக்கா மகனும் சுட்டோம். அம்மாவையும் அக்காவையும் பாய் போட்டு முதலில் உட்காரவைத்தோம். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை எழுந்து அடுப்புக்கு வரப் பார்த்தது. விடவில்லை. அப்போதுதான் அந்தப் பழைய கதையையும் சொன்னேன். அறையைக் காலி செய்த காரணத்தை, வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையை, அதை நான் திருப்பிச் சொன்னதை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியும்டா" என்றது. "தெரிஞ்சிதான் எடுத்தாரல."

முதல் துண்டை மென்று பார்த்து, நட்சத்திரம் எதுவும் போடாமல் சொன்னது: "உப்பு பத்தல. தணலு உக்கார்றதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க. நெஞ்சுக்கறி இன்னும் ஒரு நாழி கெடக்கணும்."

திரும்பவும் தணலில் போட்டோம். புகை தெரு முழுக்கப் போயிற்று. யாரும் சன்னலைச் சாத்தவில்லை.